வெள்ளி வெயில், சனி இடிமழை, ஞாயிறு வாடை: லேக் ஃபோர்க்கில் பாஸ் பிடிக்க என்ன லூர் போடுவது?

புதுத்தூண்டில்:

எல்லோருக்கும் வணக்கம். மார்ச் கடைசி வாரம் நண்பனோடு டெக்சாஸ் லேக் ஃபோர்க்குக்கு மூன்று நாள் போகிறேன். அங்கே வாழ்கிற வேட்டை மீனான பெரியவாய் பாஸ்தான் குறி. படகு அவனுடையது, 17 அடி அலுமினியம். அறை போட்டாயிற்று, தேதியை மாற்ற வழியில்லை.

வானிலை அறிக்கையைப் பார்த்தால்தான் தலை சுற்றுகிறது. வெள்ளிக்கிழமை 79 டிகிரி (எல்லாம் ஃபாரன்ஹீட்) வரை வெயில், தெற்குக் காற்று மணிக்கு 15, 20 மைல். சனி முற்பகல் கோல்டு ஃப்ரன்ட் (குளிர்காற்றின் முன்னணி) வந்து இடிமழை. ஞாயிறு விடியலில் 41 டிகிரி, மேகமே இல்லை, வாடைக்காற்று. போன வாரம் போய் வந்த ஒருவர், தண்ணீர் மேல்மட்டத்தில் 59, 60 காட்டியது என்றார்.

என்னிடம் இரண்டு ராட் (தூண்டில் கோல்)தான். ஒன்று 7 அடி மீடியம் ஹெவி, பெய்ட்காஸ்டர் ரீல், 15 பவுண்டு தாங்கும் ஃப்ளூரோகார்பன் லைன். இன்னொன்று மீடியம் ஸ்பின்னிங், 10 பவுண்டு பிரெய்டு (பின்னல் லைன்), நுனியில் 8 பவுண்டு ஃப்ளூரோ லீடர் (முன் துண்டு). பெட்டியில் இருக்கிற லூர் (செயற்கை இரை): அரை அவுன்ஸ் சிவப்பு லிப்லெஸ் கிராங்க் (மூழ்கி அதிரும் மீன் வடிவம்), வெள்ளைச் சாட்டர்பெய்ட் (முன்னால் தகடு ஆடுவது), ஒரு ஜெர்க்பெய்ட் (வெட்டி இழுத்து நிறுத்துகிற மீன் வடிவம்), 5 அங்குல சென்கோ (மெத்தென்ற புழு) இரண்டு பாக்கெட், நாலைந்து ஜிக் (கனத்த தலை வைத்த முள்). அப்புறம், முன்பு விராலுக்குப் போட்ட ரப்பர் தவளைகள்.

ஒரு வீடியோவில் ஃப்ரன்ட் வந்தால் ஆழத்துக்குப் போ என்கிறார்கள், அடுத்ததில் கரையை விட்டு நகராதே என்கிறார்கள். வெள்ளிக்கிழமை எங்கே தொடங்குவது? ஞாயிற்றுக்கிழமை போவதில் பிரயோஜனம் உண்டா, இல்லை பேசாமல் தூங்கிவிடலாமா?

ஏரிக்கரை:

வெள்ளி முழு நாளும் லீவு போடுங்கள், அதில் பேச்சே இல்லை. ஃப்ரன்ட் வருவதற்கு முந்தின மதியம் மாதிரி ஒரு மதியம் வசந்தத்தில் அடிக்கடி கிடைக்காது. சாட்டர்பெய்ட்டைக் கட்டிக்கொண்டு காற்று அடிக்கிற கரையில் போட்டுக்கொண்டே இருங்கள். ஞாயிறு காலை பத்து மணி வரை நன்றாகத் தூங்கலாம். அதற்கு மேல் தூங்க வேண்டாம்.

கட்டைமேட்டான்:

தம்பி, வசந்தத்தில் அந்தப் பக்கம் வானிலை இப்படித்தான் இருக்கும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து தெற்குக் காற்று இரண்டு மூன்று நாள் சூட்டையும் ஈரத்தையும் கொண்டுவந்து கொட்டும். பின்னாலேயே ஃப்ரன்ட் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போகும். மறுநாள் வானம் பளிச்சென்று இருக்கும். நாலைந்து நாளில் மறுபடி முதலிலிருந்து. இதற்காக மூன்று நாளைக்கு மூன்று இடம் என்று ஏரி முழுக்க ஓடாதீர்கள். ஃபோர்க் 27 ஆயிரம் ஏக்கருக்கு மேல், பெட்ரோல்தான் தீரும். வடகரையில் நல்ல குடா ஒன்றைப் பிடித்து, மூன்று நாளும் அதற்குள்ளும் அதன் வாசலிலும் இருங்கள். மாற்ற வேண்டியது ஆழமும் வேகமும் மட்டும்.

வடகரை ஏன் என்றால், மார்ச்சில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும், அந்தக் கரைக்கு வெயில் நேராகக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை தெற்குக் காற்று, சூடான மேல்தண்ணீரையெல்லாம் அங்கேதான் தள்ளிக் குவிக்கும். பொடி உயிர்கள் அதோடு போகும், ஷாட் என்கிற சின்ன இரைமீன் அவற்றின் பின்னால் போகும், பாஸ் ஷாட்டின் பின்னால் போகும். ஞாயிற்றுக்கிழமை காற்று திரும்பி வாடையானதும், அதே கரை மரங்களின் மறைவில் அமைதியாகிவிடும். வெயிலும் விழும். வெள்ளிக்கிழமை காற்று அடித்த கரை ஞாயிற்றுக்கிழமை ஒதுங்குகிற கரை. இந்த வசதி தென்கரையில் கிடையாது.

அடுத்தது தண்ணீர்ச் சூடு. 60 என்ற எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 56-இலிருந்து ஏறி வந்த 60-இல் மீன் கரையைப் பார்த்து நகர்ந்துகொண்டிருக்கும். 64-இலிருந்து இறங்கி வந்த 60-இல் அதே மீன் வாயை மூடிக்கொண்டு, தண்ணீருக்குள் நிற்கிற மரக்கட்டையோடு ஒட்டி நிற்கும். அதனால் போனதும் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் அதே இடத்தில் படகின் தண்ணீர்ச் சூட்டு மீட்டரைப் பாருங்கள். மீட்டர் காட்டுவது மேல்மட்டத்தை மட்டும்தான், மத்தியான வெயிலில் அது கொஞ்சம் ஏமாற்றும்.

காற்று 38 டிகிரி இறங்கினால் தண்ணீரும் அப்படியே இறங்கிவிடாது. பெரிய தண்ணீர் மெதுவாகத்தான் குளிரும், நடு ஏரியில் சில டிகிரி குறைந்தாலே அதிகம். ஆனால் குடாவின் கடைக்கோடியில் இரண்டடித் தண்ணீர் இருக்கிறதே, அது வேகமாகச் சூடாவது போலவே வேகமாகக் குளிரும். ஆகவே முதலில் காலியாவது அந்தக் கோடிதான். அங்கே இருந்த மீன் டிசம்பரில் நின்ற ஆழத்துக்கெல்லாம் திரும்பிப் போகாது. முட்டை நிறைந்த பெண் மீன் இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பழைய இடத்துக்கு ஓடுவதில்லை. பின்வாங்கி முதல் பள்ளத்தில், நீர்ப்புல்லின் வெளி ஓரத்தில், குடா வாசலின் முனையில் நிற்கும். ஆழத்துக்குப் போ என்பவரும் கரையை விட்டு நகராதே என்பவரும் பாதிப் பாதி சரி.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். சிவப்பு லிப்லெஸ்ஸைப் பெய்ட்காஸ்டரில் கட்டுங்கள். நாலிலிருந்து ஏழடித் தண்ணீரில், அடியில் ஹைட்ரில்லா என்கிற நீர்ப்புல் இருக்கிற மேடாகப் பாருங்கள். வசந்தத்தில் கிராஃபிஷ் (சிங்கி இறால் மாதிரி நன்னீர் உயிர்) வெளியே வருகிற நேரம், அதனால் கிழக்கு டெக்சாஸில் சிவப்பின் மேல் எல்லோருக்கும் ஒரு பைத்தியம். சாம் ரேபர்ன் ஏரிப் பக்கம் போனால் லூர்ப் பெட்டியில் வேறு நிறமே இருக்காது.

இந்த லூரைப் போட்டு இழுத்துக்கொண்டே இருந்தால் சின்ன மீன்தான் வரும். போட்டதும் கொஞ்சம் முங்க விட்டுச் சுற்றுங்கள். ராடின் பிடியில் விடாமல் கிடுகிடுவென்று அதிரும். புல் நுனியைத் தொட்டதும் அந்த அதிர்வு கனக்கும், அப்புறம் சட்டென்று நின்றுவிடும். அப்போது ரீலைச் சுற்றக் கூடாது. மணிக்கட்டால் ஒரு வெட்டு, சுருக்கென்று. லூர் புல்லை அறுத்துக்கொண்டு எகிறி, மறுபடி விழத் தொடங்கும். அந்த விழுகிற ஒரு நொடியில்தான் மீன் எடுக்கும். பல தடவை இழுப்பே தெரியாது, லைன் தொய்ந்து நிற்கும், அல்லது அடுத்த வெட்டில் ராட் ஈரச் சாக்கு மாதிரி கனக்கும். ஒவ்வொரு தடவையும் முள்ளில் புல் சுற்றிக்கொண்டு வந்தால் ராடை உயர்த்திக் கொஞ்சம் வேகமாகச் சுற்றுங்கள். புல்லே வரவில்லை என்றால் நீங்கள் மீனின் தலைக்கு மேலே எங்கோ போய்க்கொண்டிருக்கிறீர்கள். நல்ல பச்சை ஹைட்ரில்லா மொறமொறவென்று அறுந்து வரும். பழுப்பாக, கொழகொழவென்று பாசி வந்தால் அந்த இடத்தை விட்டுவிடலாம்.

சாட்டர்பெய்ட்டும் அதே புல்லில்தான். ஏரிக்கரை சொன்னது சரி, தண்ணீர் கலங்கி அலையடித்தால் நான் லிப்லெஸ்ஸை விட அதைத்தான் நம்புவேன். அதிர்வு வேறு, உருவம் வேறு, பெரிய மீனுக்கு ஒரே வாய்.

சனிக்கிழமை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃப்ரன்ட் வருவதற்கு முந்தின ஒரு மணி நேரம் மீன் பைத்தியம் பிடித்த மாதிரி எடுக்கலாம், ஆபத்தும் அதில்தான். கையில் ஏழடிக் கார்பன் ராட் வைத்துக்கொண்டு திறந்த தண்ணீரில் நிற்கிறீர்கள். முதல் இடி காதில் விழுந்தால் கரை. கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் போன பிறகுதான் மறுபடி தண்ணீர். மழை ஓய்ந்தபின் ஓடைகளில் சேறு வரும். சேறும் தெளிவும் சந்திக்கிற கோட்டில், தெளிந்த பக்கமாகப் போட்டுப் பாருங்கள்.

ஞாயிறு. பத்து மணிக்கு, வெயில் ஏறியதும், அதே குடா. கோடியை விட்டுவிட்டு, வாசலுக்கும் நடுவுக்கும் இடையில் கட்டைகள் நிற்கிற இடம், புல்லின் வெளி ஓரம். இன்றைக்கு மீன் லூரைத் துரத்தி வராது, மூக்குக்கு முன்னால் கொண்டு போய் வைக்க வேண்டும். கறுப்பு நீல ஜிக், முக்கால் அவுன்ஸ் வேண்டாம், கால் அல்லது எட்டில் மூன்று. கட்டையை உரசுகிற மாதிரி, சத்தமில்லாமல் இறக்குங்கள். லைனைத் தளர்வாக விட்டு, அது தண்ணீரில் நுழைகிற புள்ளியை மட்டும் பாருங்கள். ஒரு சின்னத் துள்ளல், அல்லது லைன் பக்கவாட்டில் நகர்ந்தால் ராடை வெட்டி இழுங்கள். ஒன்றும் இல்லையென்றால் பத்து வரை எண்ணி, ஒரு சாண் நகர்த்தி, மறுபடி எண்ணுங்கள். ஒரே கட்டைக்கு நாலு பக்கமும் போடுங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். அன்றைக்கு ஐந்து இழுப்பு கிடைத்தாலே நல்ல நாள், ஆனால் அதில் ஒன்று வாழ்நாளில் பார்க்காத சைஸாக இருக்கலாம்.

வெள்ளிமீன்:

இவ்வளவு எழுதியும் யாரும் காற்றழுத்தம் காட்டுகிற பாரோமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! ஃப்ரன்ட் போனபின் அழுத்தம் 30.3 அங்குலத்துக்கு ஏறிவிட்டால் நான் படகை இறக்குவதே இல்லை. அழுத்தம் ஏறினால் மீனின் காற்றுப்பை அமுங்கி, அதற்கு என்னவோ மாதிரி இருக்கும், அதனால்தான் சாப்பிடுவதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தம்பி, ஞாயிறு தூங்குங்கள்.

கட்டைமேட்டான்:

வெள்ளிமீன் ஐயா, எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், கணக்கு மட்டும் உதைக்கிறது. பாரோமீட்டரில் ஓர் அங்குலப் பாதரசம் என்பது 13.6 அங்குலத் தண்ணீரின் எடைக்குச் சமம். ஃப்ரன்ட் கடந்து 29.7-இலிருந்து 30.3 ஆகிறது என்று வையுங்கள். ஏறியது 0.6. தண்ணீரில் அது எட்டு அங்குலத்துக்குச் சற்று மேல். மீனுக்கு அமுக்கம் பிடிக்கவில்லை என்றால் எட்டு அங்குலம் மேலே வந்தால் தீர்ந்தது. பாஸ் ஒரு ஷாட்டைத் துரத்தும்போதே பத்தடி ஏறி இறங்குகிறது, அதற்கு எட்டு அங்குலம் ஒரு பொருட்டா?

ஃப்ரன்ட்டுக்குப் பின்னால் மீன் எடுப்பதில்லை என்பதை நான் மறுக்கவில்லை. காரணம் வேறு என்கிறேன். அழுத்தம் ஏறுகிற அதே நாளில்தான் மேகம் போய் வெளிச்சம் நேராக இறங்குகிறது, அலை அடங்குகிறது, ஆழமில்லாத தண்ணீர் குளிர்கிறது. மறைந்து நின்று பாய்கிற மீனுக்கு இந்த மூன்றும் பாதகம். பாரோமீட்டர் அதே சமயத்தில் ஏறுகிறது, பழி அதன் மேல் விழுகிறது.

வெள்ளிமீன்:

கணக்கில் தப்பு சொல்லவில்லை. ஆனால் நான் வருஷக்கணக்கில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன், 30.2-க்கு மேல் வெற்றுக்கைதான். வெளிச்சமோ அழுத்தமோ, எனக்கு எண் போதும்.

புதுத்தூண்டில்:

கட்டைமேட்டான் அண்ணே, மிக்க நன்றி. வரைபடத்தில் வடகரைக் குடாக்கள் மூன்றைக் குறித்து வைத்துவிட்டேன். இன்னும் சில சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை ஜிக் மட்டும்தானா, ஜெர்க்பெய்ட்டுக்கு வேலையே இல்லையா? சென்கோவை எப்படிக் கட்டுவது? தவளைகளை எடுத்து வரலாமா? 60 டிகிரி என்றால் பாஸ் முட்டையிடக் கூடு கட்டியிருக்குமா, கூட்டில் இருக்கிற மீனைப் பிடிக்கலாமா? எடை போட்டுப் படம் எடுத்துவிட்டு விட்டுவிடத்தான் எண்ணம், இரண்டொன்று சமையலுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று நண்பன் கேட்கிறான்.

தங்கூசி:

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். ஃபோர்க்கில் பாஸுக்கு ஸ்லாட் (விட வேண்டிய அளவு வரம்பு) உண்டு. 16 அங்குலத்திலிருந்து 24 அங்குலம் வரை உள்ள மீனை வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே விட வேண்டும். நாளைக்கு ஆளுக்கு ஐந்து, அதில் 24 அல்லது அதற்கு மேல் ஒன்றே ஒன்றுதான். ஆக நண்பர் சமைப்பதாக இருந்தால் 16-க்குக் குறைந்ததைத்தான் சமைக்க முடியும். அந்த ஏரியில் சின்ன மீனை எடுத்தால் ஏரிக்கு நல்லதுதான், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அளக்கும்போது வாயை மூடி, வாலைக் குவித்துப் பிடித்து அளக்க வேண்டும். வாலை விரித்து அளந்தால் 16-ஐத் தொடாதது, குவித்ததும் தாண்டிவிடும். கிளம்புமுன் மாநிலத்தின் வனவிலங்குத் துறைத் தளத்தில் அந்த ஏரியின் விதியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், லைசென்ஸும் கையோடு இருக்கட்டும்.

13 பவுண்டைத் தாண்டி ஒன்று வந்துவிட்டால் (சிரிக்காதீர்கள், அந்த ஏரியில் வரும்) உடனே விட்டுவிடாமல், பெரிய பாஸை வைத்து இனம் பெருக்குகிற மாநிலத்தின் ஷேர்லங்கர் திட்டத்துக்குத் தகவல் கொடுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் முடிய அவர்களே வந்து மீனை வாங்கிக்கொண்டு போய் முட்டையிட வைப்பார்கள். அந்தத் திட்டம் தொடங்கிய 1986-இல் முதலில் போன மீன் ஃபோர்க்கில் பிடித்த 17.67 பவுண்டுதான். டெக்சாஸ் மாநில சாதனையும் இதே ஏரியில், 1992-இல், 18.18 பவுண்டு. அதைப் பிடித்தவர் பாஸுக்கே போகவில்லை. கிராப்பி என்கிற வேறு மீனைப் பிடிக்கச் சின்ன மீனை இரையாகக் கோர்த்து உட்கார்ந்திருந்தார். லூரைப் பற்றி நாம் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

கூடு. 60-இல் ஆண் மீன்கள் கரையோரம் சுற்றத் தொடங்கியிருக்கும், தண்ணீர் 60-களின் நடுவை எட்டும்போதுதான் முழு வேகம். தெளிந்த தண்ணீரில் தட்டு அளவுக்கு வெளிறிய வட்டம் தெரிந்தால் அதுதான். பிடிப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. நான் போடுவதில்லை. ஆண் மீனை இரண்டு நிமிடம் தூக்கிப் படம் எடுக்கிற நேரத்தில் புளூகில் என்கிற சின்ன மீன் கூட்டம் வந்து முட்டையைத் தின்றுவிடும். பிடித்தே ஆக வேண்டுமென்றால் பிடித்த இடத்திலேயே உடனே விடுங்கள், படகில் போட்டுக்கொண்டு ஊர்வலம் போக வேண்டாம். பெரிய மீனைத் தாடையில் தொங்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள், இன்னொரு கை வயிற்றின் அடியில் இருக்க வேண்டும்.

ஜெர்க்பெய்ட்டுக்கு வேலை உண்டு, அதில் கட்டைமேட்டான் அண்ணனோடு எனக்குக் கொஞ்சம் சண்டை. ஞாயிறு வாடைக்காற்று குடாவின் வாசலில் லேசாக அலையடிக்கும். உள்ளே கண்ணாடி மாதிரி நிற்கிற தண்ணீரை விட, அந்த அலை தொடங்குகிற கோட்டில் புல்லின் வெளி ஓரமாக ஜெர்க்பெய்ட் போட்டால் ஜிக்கைவிட முதலில் எடுக்கும். இரண்டு இழுப்பு, நிறுத்தம். நிறுத்தம் என்றால் உண்மையாகவே நிறுத்தம், ஐந்து நொடி, எடுக்கவில்லை என்றால் பத்து. எடுப்பது நின்றிருக்கும்போதுதான். ஸ்பின்னிங் ராடிலேயே போடுங்கள், 15 பவுண்டுத் தடி லைனில் அது சரியாக இறங்காது.

ஒன்று கவனியுங்கள். பாக்கெட்டில் சஸ்பெண்டிங் (அந்தரத்தில் நிற்பது) என்று போட்டிருந்தாலும் எல்லாத் தண்ணீரிலும் அது அப்படியே நிற்காது. தண்ணீர் குளிர்ந்தால் அடர்த்தி கூடும், லூர் மெல்ல மேலே ஏறும். படகு இறக்குகிற இடத்தில் கையருகே போட்டுப் பாருங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்து அந்தரத்தில் நின்றால் சரி. ஏறினால் முன் முள்ளின் தண்டில் ஈயக் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், மறுபடி பாருங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் ஜெர்க்பெய்ட் பிரயோஜனமில்லை என்று சொல்கிறவர்கள்தான் நிறையப் பேர்.

கடைசியாகப் படகு. ஃபோர்க் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் பட்ட மரங்கள். மிதவை கட்டிய படகுப் பாதையை விட்டு வெளியே வந்தால் மெதுவாகத்தான் போக வேண்டும், அலையில் கட்டை தெரியாது. ஆள் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற கில் ஸ்விட்ச் கயிற்றை ஓட்டுகிறவர் மாட்டியிருக்க வேண்டும், 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரலிலிருந்து அது கூட்டரசுச் சட்டம். வெள்ளி 20 மைல் தெற்குக் காற்றில் வடகரை சொர்க்கம்தான், ஆனால் 17 அடி அலுமினியப் படகில் அங்கிருந்து காற்றை எதிர்த்துத் திரும்பி வருவது வேறு கதை. வடகரையிலேயே படகு இறக்க இடம் தேடுங்கள்.

கட்டைமேட்டான்:

தங்கூசி சொன்ன கடைசி வரி தங்கம். தம்பி, அதை அப்படியே செய்யுங்கள். ஜெர்க்பெய்ட் விஷயத்தில் சண்டை வேண்டாம், காற்று இருந்தால் அவர் சொன்னபடி வாசலில் தொடங்குங்கள். காற்று செத்துவிட்டால் என் கட்டைகளுக்கு வாருங்கள்.

சென்கோ ஸ்பின்னிங் ராடில், எடையே இல்லாமல். நடுவில் ரப்பர் வளையம் மாட்டி, வளையத்துக்குள் முள்ளைக் கோர்த்தால் வேக்கி. இரண்டு முனையும் நடுங்கிக்கொண்டே மெதுவாக இறங்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் குடாவின் உள்பக்கம் வெயில் பட்டு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி ஏறினால் மீன் மறுபடி மேலே வரும். மீட்டர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு, ஏறினால் ஜிக்கை வைத்துவிட்டுக் கரையோரக் கட்டைகளில் சென்கோவைப் போடுங்கள். தெளிந்த தண்ணீரில் கிரீன் பம்கின் நிறம், கலங்கலில் கறுப்பு நீலம். சுற்றிலும் புல் இருந்தால் வேக்கி வேண்டாம், டெக்சாஸ் ரிக்காக முள் நுனியை உள்ளே மறைத்துக் கட்டுங்கள்.

தவளையை வீட்டிலேயே வையுங்கள். 60 டிகிரியில், அதுவும் ஃப்ரன்ட்டுக்குப் பின்னால், மேல்தண்ணீர் லூருக்குப் பாஸ் ஏறி வருவது அபூர்வம். மே மாதம் வேறு. முட்டை பொரிந்து, குஞ்சுக் கூட்டம் கரையோரம் கறுப்பாகப் பந்து கட்டி நகரும், ஆண் பாஸ் அடியில் காவல் நிற்கும். விராலுக்குக் குஞ்சுப் பந்தைப் பார்த்துத் தவளை போட்டுப் பழகியவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கை, அதே தவளை. பிரெய்டு மட்டும் 50 பவுண்டுக்குக் குறையாமல் போடுங்கள்.

இரண்டு ராடே போதும். வெள்ளிக்கிழமை பெய்ட்காஸ்டரில் லிப்லெஸ், ஸ்பின்னிங்கில் சென்கோவைக் கட்டி வைத்திருங்கள். லிப்லெஸ்ஸைத் துரத்தி வந்து எடுக்காமல் திரும்புகிற மீனுக்கு உடனே அதைப் போட வேண்டும். ஞாயிறு பெய்ட்காஸ்டரில் ஜிக், ஸ்பின்னிங்கில் முதலில் ஜெர்க்பெய்ட், மத்தியானம் சென்கோ. லீடரை ஞாயிறு காலை புதிதாகக் கட்டுங்கள். இரண்டு நாள் கட்டையிலும் புல்லிலும் உரசிய 8 பவுண்டை நம்பிப் பெரிய மீன் மேல் போடக் கூடாது.

புதுத்தூண்டில்:

அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. வடகரையில் படகு இறக்குகிற இடம் ஒன்று வரைபடத்தில் கிடைத்துவிட்டது, முதல் குடா அங்கிருந்து ஐந்து நிமிடம்கூட இல்லை. ஈயக் கம்பியும் ரப்பர் வளையமும் வாங்கியாயிற்று. வெள்ளிமீன் ஐயா, ஞாயிறு அழுத்தம் எவ்வளவு, எத்தனை இழுப்பு என்று குறித்துக்கொண்டு வருகிறேன், உங்கள் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிமீன்:

சேர்த்துக்கொள்கிறேன். மணியையும் எழுதுங்கள், அழுத்தம் ஏறிக்கொண்டிருந்ததா, ஏறி நின்றுவிட்டதா என்பது எனக்கு முக்கியம்.